ஸ்டீயரிங் நடுவில் ஒரு பள்ளம்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற காரைத் தாராளமாகப் பார்க்கலாம். பல்லையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு மனிதர் அதைச் செய்யாமல் விட்டதுதான் தெருவுக்கே வேடிக்கையாகப் போயிற்று.

அவரைப் பல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பிடுங்குகிறவர் இல்லை. டாக்டர்கள் பிடுங்கி முடித்த இடத்தில் வைப்பதற்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வாசல் கேட்டைப் பார்த்த ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. அதன்மேல் யார் யாருடையவோ வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஈறு நிறத்தில் ஒரு பவுடர், அதைக் குழைக்கிற காட்டமான திரவம். பல்லின் நிறத்தை மட்டும் அவர் தானாக முடிவு செய்ய மாட்டார். மனைவியைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வார். "மஞ்ச தூக்கலா இருக்கு" என்று அவள் சொன்னால் தூக்கலாகத்தான் இருக்கும். அவள் கண் தப்பாது.

இப்படி ஆயுள் முழுக்கப் போலி செய்தே சாப்பிட்ட மனிதருக்கு, தலை நரைத்த பிறகு, அசலாக ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பழைய கார் ஒன்றை வாங்கினார். நீண்ட மூக்கும் உருண்டை விளக்குகளுமாக, ஒரு காலத்தில் பெரிய மனிதர்களின் வாசலில் மட்டும் நின்ற மாடல். இன்று ஓடுகிறவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். புரோக்கர் ஒருவன் ஷெட்டுக்குள் வைத்துச் சந்தன நிறப் பெயின்ட் அடித்த ஒன்றைக் காட்டினான். என்ஜின் உறுமியது. பல்லுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு சரி என்றுவிட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதை தொடங்கியது. ஒரு பக்கம் வைப்பர் இல்லை. பின்விளக்கின் கண்ணாடி பாதிதான் இருந்தது. ஸ்டார்ட் செய்யும் சாவியைக் கொடுத்தார்களே தவிர, கதவைப் பூட்டச் சாவி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டீயரிங்கின் நடுவில் ஹாரன் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு ஒயர் சுருண்டு கிடந்தது. பல்லு விழுந்த இடம் மாதிரி இருக்கு என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். உள்ளே உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"ஏங்க, உலகத்துல வேற வண்டியே கிடைக்கலையா உங்களுக்கு?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய தம்பி வைத்திருந்ததும் இதே மாடல்தான். அவனுடையது பச்சை. அக்கா வீட்டுக்கு வந்தால் இறங்கி கேட்டைத் திறக்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. தெருவில் நின்றபடி ஹாரன் அடிப்பான். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அக்கா ஓடிவந்து திறக்க வேண்டும். கடைசியாக வந்த மத்தியானம் அவள் ஏதோ எரிச்சலில் இருந்தாள். "இறங்கி வந்து திறந்தா கை தேஞ்சிடுமா? இனிமே ஹாரன் அடிச்சா நான் திறக்க மாட்டேன், போடா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அடித்தான். அவள் திறக்கவில்லை. அவன் இறங்கவில்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம். கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு அவன் வரவேயில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவன் என்பதால் முதலில் யாரும் தேடவில்லை. தேடத் தொடங்கியபோது தடமே கிடைக்கவில்லை; வண்டி நம்பர்கூட யாருக்கும் நினைவில்லை. எங்கெங்கோ எழுதிக் கொடுத்தார்கள், யார் யாரையோ பார்த்தார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. "கோவம் தீர்ந்தா வருவான்" என்பது ஒன்றுதான் மனைவியின் பதில். பெரிய வீட்டுக்குப் போகலாம் என்று பல்லுக்காரர் சொன்னபோதெல்லாம், வந்தா எங்கே வந்து ஹாரன் அடிப்பான் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். அந்த வண்டியில் மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிய நாட்களை நினைத்துத்தான் இதை வாங்கினேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நல்ல மாடல் என்று மட்டும் சொன்னார்.

"அந்தப் பட்டனை நீங்களே செஞ்சிடுங்களேன்" என்றாள் மனைவி. "தம்பி வண்டிக்குச் செஞ்சு குடுத்தீங்களே."

செய்து கொடுக்கவில்லை, ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். மச்சினனின் ஹாரன் பட்டன் ஓரத்தில் உடைந்துபோய், "மாமா, இதுக்கு ஒரு பல்லு வெச்சு விடுங்க" என்று கொண்டுவந்தான். அன்று பார்த்து வெள்ளைப் பவுடர் தீர்ந்திருந்தது. ஈறு நிறத்தில் இருந்ததைக் குழைத்து உடைந்த ஓரத்தை அடைத்துக் கொடுத்தார். வெள்ளைப் பட்டனில் பிறை மாதிரி ஒரு ரோஸ் விளிம்பு. "பட்டனுக்கு ஈறு மொளைச்சிடுச்சு மாமா" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அது வேற. என் வண்டியில அசலைத் தவிர எதையும் வைக்க மாட்டேன்" என்றார் பல்லுக்காரர். "ஊர் வாயிலெல்லாம் போலி வெச்சாச்சு. இதுலயாவது அசல் இருக்கட்டும்."

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்குக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் வந்த பெயர். பானெட்டைத் திறந்தான், அடியில் படுத்து ஊர்ந்தான், சக்கரங்களை உதைத்துப் பார்த்தான். டிரைவர் சீட்டில் உட்கார்வதற்காகக் கதவைத் திறந்தவன், ஸ்டீயரிங்கின் நடுவில் கண் போனதும் நின்றான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க சார். நான் இங்க நின்னு சத்தம் கேக்கறேன்."

"இந்த ஹாரன் பட்டன் எங்கப்பா கிடைக்கும்?"

"அது உங்களுக்கு வேணுமா சார்?"

"பின்ன வேணாமா? ஹாரன் இல்லாம ரோட்ல எப்படிப் போறது?"

"டேஷ்போர்டுக்குக் கீழ தனியா ஒரு சுவிட்ச் வெச்சுத் தரேன்."

"எனக்கு அசல்தான் வேணும்."

அவசரம் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, அவன் பட்டப்பெயர் நிஜமாகிவிடுகிற வேகத்தில் கிளம்பிப் போய்விட்டான்.

பல்லுக்காரர் சுற்றுவட்டாரத்தில் இருந்த காயலான் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, புத்தகம் அடுக்கியதுபோல் சாய்த்து வைத்த கதவுகள், கொக்கியில் தொங்குகிற கண்ணாடிகள். அவர் தொழிலைத் தெரிந்துகொண்ட கடைக்காரர்கள் உடனே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்கள். அவரும் முகம் சுளிக்காமல் எட்டிப் பார்த்து ஆலோசனை சொன்னார். வைப்பர் கிடைத்தது. பின்விளக்குக் கண்ணாடி கிடைத்தது. ஹாரன் பட்டன் என்று வாயெடுத்ததும் பேச்சு நின்றது.

"அது வராது சார்."

"மத்த எல்லாம் வருது, அது மட்டும் ஏன் வராது?"

"வராது சார், விடுங்க."

ஒரு கடைக்காரர் மட்டும், "இருந்து தொலைஞ்சுதா, இல்ல வாங்கும்போதே இல்லையா?" என்று கேட்டார். வாங்கும்போதே இல்லை என்றதும், கையிலிருந்த பின்விளக்குக் கண்ணாடியை அவரிடம் நீட்டி, இதற்குக் காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். இரும்புக் கடைக்காரன் இலவசமாகக் கொடுக்கிறான் என்றால் அப்போதே உறைத்திருக்க வேண்டும். பல்லுக்காரருக்கு உறைக்கவில்லை. அரிய சாமான், எல்லோரும் பதுக்குகிறார்கள் என்று கணக்குப் போட்டார். கிடைக்காதது என்று தெரியத் தெரிய அவருக்கு வெறி ஏறியது.

மழை வருவதுபோல் கருக்கிக்கொண்டு நின்ற ஒரு மாலை அவர் மேசையில் மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஹாரன் கேட்டது. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மனைவி ஈரக்கையோடு அவரைத் தாண்டி ஓடினாள். கேட்டைத் திறந்தாள். தெருவில் ஒருவருமில்லை. எதிர்வீட்டு மாடியில் துணிகள் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அவள் மெதுவாகத் திரும்பி, கேட்டுக்கு உள்ளே நின்ற சந்தன நிற வண்டியைப் பார்த்தாள்.

"இதுதாங்க அடிச்சுது."

"பட்டன் இல்லாம ஒயர் தொங்குது பாரு. ஈரக்காத்து. ஒயர் இரும்புல பட்டா தானா அடிக்கும்" என்று சொல்லி, அவள் கண்ணெதிரே ஒயரின் முனையில் டேப்பைச் சுற்றினார்.

சொன்னது சரிதான். ஒயர் இரும்பில் பட்டால் ஹாரன் அடிக்கும். ஆனால் சார்ஜ் ஏற்றுவதற்காக பேட்டரியைக் காலையிலேயே கழற்றித் தன் மேசைக்கடியில் வைத்திருந்தது, டேப்பைப் பாதி சுற்றும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மிச்ச டேப்பையும் சுற்றி முடித்தார். அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தை நேராகப் பார்ப்பதை அவர் தவிர்த்தார்.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது மனைவி காருக்குள் உட்கார்ந்திருந்தாள். அதுவரை காலை வைக்க மாட்டேன் என்றவள். கையில் ஒரு சாவி. தம்பி எப்போதோ மறதிக்கென்று அக்காவிடம் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி. இத்தனை வருஷமாகக் கேட்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது.

"கதவுக்குச் சேருதுங்க" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"பழைய வண்டிச் சாவி பத்து வண்டிக்குச் சேரும்மா."

கதவின் உள்விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில், சாவி முனையால் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினாள். சந்தன நிறத்துக்கு அடியில் பச்சை.

"இதே பச்சைதான்" என்றாள்.

அவள் கண் தப்பாது.

"வித்திருக்கான் பாருங்க, படவா! விக்கணும்னா ஆள் உயிரோட இருந்தாத்தானே விக்க முடியும்? எனக்குத் தெரியும். போய் விசாரிச்சுட்டு வாங்க. யார்கிட்ட வித்தான், இப்ப எங்க இருக்கான்னு கேளுங்க. நான் வரல. என்னைப் பாத்தா முறுக்கிக்குவான். நீங்க போனா மாமான்னு வந்து நிப்பான்."

சொன்ன கையோடு பின்னறையைத் துடைக்க ஆரம்பித்தாள். தலையணையை வெயிலில் போட்டாள். பட்டன் தேடக் கிளம்பியவருக்குக் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. பூதம் கிடக்கட்டும், மனைவியின் அந்தச் சந்தோஷம்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

புரோக்கரை உலுக்கியதில் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த ஒரு காயலான் கடையைக் கைகாட்டினான். அங்கேதான் அவர் இதுவரை போகவில்லை. கணவர் போன பிறகு ஒரு அம்மாள் நடத்துகிற கடை. நெற்றியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரம்மா, வந்தவர் பல் கட்டுகிறவர் என்று தெரிந்ததும் வழக்கம்போல் வாயைத் திறந்து காட்டினார்.

"இந்த ஓட்டைப் பல்லை என்ன பண்ணலாம் சொல்லுங்க. உளி வெச்சுத் தட்டிடலாமான்னு பாக்கறேன்."

"அந்த வேலையை மட்டும் செஞ்சிடாதீங்கம்மா" என்று சிரித்துவிட்டு, அவர் வண்டியைப் பற்றிக் கேட்டார். எந்த மாடல், பழைய நிறம் என்ன என்று சொன்னார். கடைக்காரம்மா யோசிப்பதற்குள் உள்ளே போன் அடித்தது. இருங்கள், வருகிறேன் என்று எழுந்து போனார்.

சும்மா உட்கார முடியாமல் பல்லுக்காரர் கடையின் பின்பக்கம் நடந்தார். டயர் குவியலைத் தாண்டி ஒரு தகரச் சுவர். சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் கம்பியில் கோத்த ஒரு ஹாரன் பட்டன்.

அவர் கண்ணை அவராலேயே நம்ப முடியவில்லை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு. பறவை பொறித்தது, கிரீடம் பொறித்தது, தேய்ந்து வழுவழுப்பானது. வராது, வராது என்று ஊரே சாதித்த பொருள் இங்கே மாலை கட்டித் தொங்குகிறது! சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். கறுப்பு ஒன்றை விரலால் அழுத்தியும் பார்த்தார்.

"கையை எடுங்க!"

கடைக்காரம்மா போட்ட சத்தத்தில் அவர் பின்னால் நகர்ந்து டயரில் இடித்துக்கொண்டார்.

"என்னம்மா, இவ்வளவு வெச்சுக்கிட்டு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். கோபம் மெல்ல இறங்கி முகம் வேறாயிற்று. "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே டிரைவர் உயிர் போயிட்டா, அந்த வண்டி எங்க கைக்கு வந்ததும் மொதல்ல பட்டனைத்தான் கழட்டுவோம். மத்ததெல்லாம் விப்போம், அதை விக்க மாட்டோம். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான். அந்த மனுஷன் கடைசியா யாரையோ கூப்பிட்டது அதுல. அதுக்கப்புறம் வேற விரல் பட்டு அது கூப்பிடக் கூடாது. பள்ளத்தைப் பாத்தாலே தொழில்ல இருக்கறவனுக்குப் புரிஞ்சிடும். தெரிஞ்சு வாங்கறவன் வாங்குவான், பயப்படறவன் விட்டுடுவான். உங்களுக்கும் தெரியும்னுதான் வித்திருப்பாங்க."

அவசரம் சீட்டில் உட்காராதது, காசு வேண்டாம் என்ற பின்விளக்கு, பேச்சை நிறுத்திய முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு வந்தன. செத்தவனின் பட்டனைக் கொடு, கொடு என்று கடை கடையாகக் கேட்டிருக்கிறார். வெட்கத்தில் காது எரிந்தது. அடுத்த நொடியே வெட்கம் போயிற்று. அவர் வண்டியிலும் பள்ளம் இருக்கிறது. அவர் வண்டி பச்சை.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். மேல் வரிசையில், தூசி படிந்து, வெள்ளைப் பட்டன் ஒன்று. ஓரத்தில் பிறை மாதிரி ரோஸ் விளிம்பு.

தன் கைவேலையை எங்கே கண்டாலும் அவருக்குத் தெரியும். பேருந்தில் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் அப்படியே டயர்மேல் உட்கார்ந்தார்.

"அது என் மச்சினன்" என்றார்.

கடைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தன் கணவர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மலைப்பாதையில நின்னுச்சாம். எங்கயும் இடிக்கல. ஓரமா ஒதுக்கி நிப்பாட்டியிருக்காரு. நெஞ்சுவலியா இருக்கும். அப்படியே ஸ்டீயரிங் மேல சாஞ்சுட்டாரு. நெத்தி பட்டன் மேல. ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கீழ வீடுகளுக்கெல்லாம் நல்லாக் கேட்டிருக்கு. யாரோ திமிர் புடிச்சவன் வேணும்னு அடிக்கறான்னு ஒருத்தரும் எழுந்து வரல. பேட்டரி தீர்ற வரைக்கும் அடிச்சுதாம்."

"எப்போம்மா?"

"நாங்க கடை வெச்ச புதுசு. பெரிய வெயில் அடிச்ச வருஷம்."

மச்சினன் போனதும் அந்த வெயிலில்தான்.

"வண்டி யார் பேர்ல இருந்துச்சோ அந்த ஆளு எப்பவோ போய்ச் சேர்ந்திருந்தாராம். இவர்கிட்ட ஒரு துண்டுச்சீட்டு கூட இல்ல. தேடி வருவாங்கன்னு வெச்சிருந்து பாத்துட்டு போலீஸ்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வாரு. அந்த வண்டி மலை ஏறிப் போகலையாம். கீழ இறங்குற பக்கம், இந்த ஊரைப் பாத்துத் திரும்பி நின்னுதாம். யாரோ ஒருத்தர் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காருன்னு சொல்வாரு."

ஆணியிலிருந்து பட்டனைக் கழற்றித் துணியால் துடைத்து அவர் கையில் வைத்தார். "சொந்தக்காரங்க வந்தா குடுத்துடணும். இத்தனை வருஷத்துல வந்த மொத ஆளு நீங்கதான்."

பல் செட் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். பட்டனை அதில் போட்டு மூடினார். வீடு வந்து சேரும்வரை வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்ட அவள் முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது.

"என்னங்க, தெரிஞ்சுதா?"

"வித்துட்டு வெளிநாடு போயிட்டானாம். விலாசம் கிடைக்கல."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். "எங்கயோ நல்லா இருந்தா சரி. இருக்கான்ல, அது போதும்" என்றாள். இத்தனை காலம் அவர் செய்த போலிப் பல் அத்தனையும் அடுத்தவர் சாப்பிடவும் சிரிக்கவும் உதவியது. இது அப்படிப்பட்ட போலி இல்லை என்று அவருக்கே தெரிந்தது. டப்பாவை மேசையின் அடி இழுப்பறையில், உடைந்த அச்சுகளுக்குப் பின்னால் தள்ளினார்.

அதற்குப் பிறகு பள்ளம் அவரைத் தூங்கவிடவில்லை. அவசரம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தக் காயலான் கடைக்காரன் தெருவில் கண்டாலும் போதும். முதலில் அதை அடைக்க வேண்டும். மெழுகில் பட்டன் செதுக்கினார், பிளாஸ்டரில் அச்செடுத்தார், வெள்ளைப் பவுடரைக் குழைத்து ஊற்றினார். மெருகு போட்டு முடித்தபோது அசல் தோற்றுவிடும்போல இருந்தது. மனைவி உறவினர் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஒயரின் டேப்பைப் பிரித்துப் பள்ளத்தில் பொருத்தினார். ஹாரன் அடித்துப் பார்க்க மட்டும் விரல் வரவில்லை.

சாயங்காலம் அவளே கேட்டாள். "வாங்க, தம்பி வண்டியில ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகுவதற்குள் அவள் பார்வை பட்டனில் விழுந்தது. விரலால் மெதுவாகத் தொட்டாள்.

"மஞ்ச தூக்கலா இருக்கு" என்றாள். "என்னைக் கூப்பிடாம நிறம் பாத்திருக்கீங்க."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசலைத் தவிர எதையும் வைக்க மாட்டேன்னு சொன்ன மனுஷன் நீங்க. தேடுறதை விட்டுட்டு ஒரு நாள்ல போலி செஞ்சு வெச்சிருக்கீங்கன்னா..." அவள் குரல் இறங்கியது. "அசலைப் பாத்துட்டீங்க. இல்லையா?"

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. இறங்கிப் போய் டப்பாவை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். அவள் திறந்தாள். ரோஸ் விளிம்பை விரலால் தடவினாள். எங்கே என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மலைப்பாதையை, சுவர் நிறையத் தொங்கிய பட்டன்களை, பட்டன்மேல் சாய்ந்த நெற்றியை, பேட்டரி தீரும்வரை அடித்ததை.

"ஒருத்தரும் எழுந்து வரலையா?"

"வரலையாம்."

"நானும்தான் எழுந்து போகல" என்றாள். கண்ணீர் இல்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்தா பாரு, அவன் கோவிச்சுக்கிட்டுப் போகல. வண்டி நம்ம ஊரைப் பாத்துத் திரும்பி நின்னுதாம். உன்கிட்டதான் வந்துக்கிட்டு இருந்தான்."

அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். அவரும் அழுதார்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டனை அவரிடம் நீட்டினாள். "இதைப் பொருத்துங்க."

"வேற விரல் படக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"வேற யாரு? மாமாதானே. ஒரே ஒரு தரம். அப்புறம் கழட்டி என்கிட்ட குடுத்துடுங்க."

அவர் போலியை நெம்பி எடுத்துவிட்டு அசலைப் பொருத்தினார். பள்ளம் அதை அடையாளம் தெரிந்துகொண்டதுபோல் இழுத்துக்கொண்டது. அவள் சொன்னபடி வண்டியைத் தெருவுக்கு ஓட்டிப்போய்த் திருப்பி, கேட்டைப் பார்த்து நிறுத்தினார். அவள் கேட்டை உள்ளிருந்து தாழிட்டாள். வீட்டுக்குள் போனாள். ஜன்னலில், அன்று நின்ற அதே இடத்தில், அவள் நிற்பது தெரிந்தது.

அவர் அழுத்தினார். குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

அவள் ஓடிவந்தாள். முட்டிவலிக்காரி, மாடிப்படி ஏறினாலே முனகுகிறவள், செருப்புப் போடாமல் ஓடிவந்து தாழை இழுத்தாள். கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து சுவரோடு தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"திறந்துட்டேன்டா" என்றாள். "உள்ள வா."

பல்லுக்காரருக்கு விரலை எடுக்க மனம் வரவில்லை. நீளமான அந்த ஒன்று நீண்டுகொண்டே போயிற்று. எதிர்வீட்டில் கதவு திறந்தது, மாடியில் ஜன்னல் திறந்தது. யார் இப்படி அடிக்கிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று தெருவில் அத்தனை பேரும் எழுந்து வெளியே வந்தார்கள்.